நெஞ்சுக்குள் ஒரு கம்பிவலை – 7: ஆற மறுத்த புண்

இதுவரை: 1977-ல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் இதய ரத்தக்குழாய்க்குள் ஒரு சின்ன பலூனை ஊதி அடைப்பை விலக்கினார். சென்னை ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படித்த மேத்யூ சாமுவேல் களரிக்கல் அவரிடம் தொழில் கற்று, 1986-ல் இந்தியாவில் முதன்முதலாக அதைச் செய்து காட்டினார். பலூன் விலக்கிய குழாய் மறுபடி சுருங்கியது. சுருங்காமல் முட்டுக்கொடுக்க, அதே 1986-ல் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஷாக் புயெல் ஸ்டென்ட் என்ற கம்பிவலையை உள்ளே நிறுத்தினார். கம்பி நின்றது. ஆனால் அதன்மேல் தழும்பு வளர்ந்து, நான்கைந்து பேரில் ஒருவருக்கு வழி மறுபடி அடைத்தது. தழும்பை அடக்க ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து சிரோலிமஸ் என்ற மருந்து வந்தது. அதைக் கண்டெடுத்துக் காப்பாற்றிய சுரேந்திரநாத் சேகல், அந்த மருந்து பூசிய ஸ்டென்ட் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 2003-ம் ஆண்டிலேயே கண்ணை மூடினார்.

இனி…

*

2001-ல் ஸ்டாக்ஹோம் மாநாட்டில் காட்டிய எண் எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருந்தது. 238 பேரிடம் நடந்த ராவெல் ஆய்வு அது. வெறும் கம்பி வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு மறு அடைப்பு. மருந்து பூசிய கம்பி வைத்தவர்களில் பூஜ்யம்.

மருத்துவ ஆராய்ச்சியில் பூஜ்யம் என்ற எண் அபூர்வமாகத்தான் வரும். வந்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அன்று யாரும் படவில்லை. 2003 ஏப்ரல் 24-ல் அமெரிக்க அரசு சைஃபர் என்ற அந்த மருந்து ஸ்டென்ட்டுக்கு அனுமதி தந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் போட்டிக் கம்பெனியின் டாக்ஸஸ் வந்தது. இரண்டே ஆண்டில் அங்கே வைத்த ஸ்டென்ட்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் மருந்து பூசியவை. வெறும் கம்பி பழைய சரக்காகிவிட்டது.

பிரச்சினை மருந்து வேலை செய்யாததால் வரவில்லை. அது நன்றாகவே வேலை செய்தது.

துறைமுகத்தில் பெயின்ட் அடிக்காத இரும்பை ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால் உப்புக்காற்று தின்றுவிடும். நெஞ்சுக்குள் கணக்கு தலைகீழ். வெறும் கம்பியை வைத்தால், சில வாரங்களில் உடம்பே அதன்மேல் ஒரு மெல்லிய தோலை வளர்த்துவிடும். அந்தத் தோல் மூடிய பிறகு, ஓடுகிற ரத்தத்துக்கு அங்கே ஒரு கம்பி இருப்பதே தெரியாது. மருந்து பூசிய கம்பியிலோ உடம்பு பூச வேண்டிய பூச்சு ஏறவே மாட்டேன் என்றது. தழும்பாக வளரும் தசைச் செல்லைத் தடுத்த சிரோலிமஸ், கம்பியை மூட வேண்டிய உட்படலச் செல்லையும் சேர்த்துத் தடுத்தது. ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கும் விவேகம் மருந்துக்கு இல்லை.

மருந்தில் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே கசிந்து தீர்ந்துவிடும். அதைப் பிடித்துவைத்திருந்த பாலிமர் பூச்சு மட்டும் ஆள் இருக்கும்வரை அங்கேயே இருக்கும்.

*

தழும்பு மெதுவாக வரும். நாலு மாதம், ஆறு மாதம் கழித்துப் பழைய வலி எட்டிப்பார்க்கும். ரயில்வே மேம்பாலப் படி ஏறும்போது நெஞ்சு இறுக்கும். ஆள் தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்கு வருவார். மறுபடி ஆஞ்சியோ, மறுபடி பலூன். செலவு உண்டு, அலைச்சல் உண்டு. உயிர் பெரும்பாலும் தப்பிவிடும்.

ரத்தக்கட்டி அப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வராது. மூடாத கம்பியில் தட்டணுக்கள் ஒட்டும். ஒட்டியவை மற்றவற்றைக் கூப்பிடும். நிமிடக்கணக்கில் குழாய் முழுதாக அடைத்துவிடும். அதுவரை ரத்தம் தாராளமாக ஓடிய குழாய் அது. மெல்ல மெல்ல அடைத்திருந்தால் இதயம் பக்கவாட்டில் சின்னச் சின்ன வழிகளைத் திறந்துகொண்டிருக்கும். இப்போது அதற்கும் அவகாசம் இல்லை.

2005-ல் ஜாமா இதழில் வந்த ஒரு கணக்கைப் பாருங்கள். மருந்து ஸ்டென்ட் வைத்த 2,229 பேரை ஒன்பது மாதம் பின்தொடர்ந்தார்கள். 29 பேருக்கு ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தது. அதாவது 1.3 சதவீதம். அற்பம்தானே என்று தோன்றும். அந்த 29 பேரில் 13 பேர் இறந்துபோனார்கள்.

அந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. ரத்தம் உறைந்தவர்களிடம் காணப்பட்ட காரணங்களில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்ட காரணம் ஒன்றுதான்: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது.

*

அதற்கு ஓராண்டு முன்பே ஒருவர் மணி அடித்திருந்தார்.

ரேணு விர்மானி, டெல்லியில் மருத்துவம் படித்து அமெரிக்கா போனவர். உயிரோடு இருக்கும் நோயாளியை அவர் பார்ப்பதில்லை. இறந்தவர்களின் இதயக்குழாயை மெல்லிய சீவல்களாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஸ்டென்ட் விற்கும் கம்பெனிக்காரர்கள் மரியாதையும் பயமும் கலந்து பார்த்த பெண்மணி.

2004 பிப்ரவரியில் சர்குலேஷன் இதழில் அவர் குழு ஒரே ஒரு மனிதரைப் பற்றி எழுதியது. வயது 58. இரண்டு சைஃபர் ஸ்டென்ட் வைத்தவர். எட்டாவது மாதம் ஆஞ்சியோ செய்து பார்த்தார்கள். குழாய்க்குள் அலைஒலி கருவியை விட்டும் பார்த்தார்கள். தழும்பு துளியும் இல்லை. அந்தக் கால அளவுகோலின்படி நூற்றுக்கு நூறு மார்க்.

18-வது மாதம் அவர் இறந்தார்.

ஸ்டென்ட் இருந்த இடத்தில் குழாயின் சுவர் கம்பியை விட்டு விலகி, வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தது. சுவரில் ஒவ்வாமைக்கான வெள்ளையணுக்கள் படைபோல வந்து குவிந்திருந்தன. கம்பியின்மேல் ரத்தக்கட்டி. மருந்து எப்போதோ தீர்ந்துபோயிருக்க வேண்டும். அப்படியானால் உடம்பு எதன்மேல் கோபம் கொண்டது? சந்தேகம் பாலிமர்மேல் விழுந்தது.

எட்டாவது மாதத்தில் வெற்றி என்று எழுதிய அதே படத்தை இப்போது வேறு மாதிரி படிக்க வேண்டியிருந்தது. தழும்பு இல்லை என்றால், தோலும் இல்லை. ஆறிய புண் என்று நினைத்தது ஆறாத புண்.

ஒருவர் கதையை வைத்து ஒரு சந்தையை நிறுத்திவிட முடியாதுதான். அதே ஆண்டு அக்டோபரில் லான்செட் இதழில் மேலும் நான்கு பேர் வந்தார்கள். இருவருக்கு சைஃபர், இருவருக்கு டாக்ஸஸ். ஸ்டென்ட் வைத்த 335, 343, 375, 442-ம் நாள்களில் மாரடைப்பு. ஓராண்டை ஒட்டியும் தாண்டியும் இப்படி நடக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நால்வருக்கும் பொதுவான ஒரு விஷயம்: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திச் சில நாள்தான் ஆகியிருந்தது.

கம்பெனிகள் கம்பிக்கு அனுமதி வாங்கிய ஆய்வுகளில், அந்த மாத்திரையை சைஃபருக்கு இரண்டு மூன்று மாதம், டாக்ஸஸுக்கு ஆறு மாதம் கொடுத்தால் போதும் என்றுதான் இருந்தது.

*

பார்சிலோனா. 2006 செப்டம்பர் முதல் வாரம்.

உலக இதய மருத்துவர்களின் மாநாடு. பல்லாயிரம் டாக்டர்கள். கம்பெனிகளின் பிரம்மாண்டக் கடைகள், இலவசப் பைகள், காபி. அதற்குள் மருந்து ஸ்டென்ட் உலகம் முழுக்கச் சுமார் 60 லட்சம் பேர் நெஞ்சுக்குள் போய்விட்டது.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையின் எடோர்டோ காமென்சிண்ட் மேடையேறினார். வெளியாட்களில் ஒருவரல்ல. ஸ்டென்ட் வைப்பதே தொழிலாகக் கொண்டவர். அவர் புதிதாக எந்த ஆய்வும் செய்யவில்லை. கம்பெனிகள் அனுமதி வாங்கக் காட்டிய ஆய்வுகளையே எடுத்துக்கொண்டார். அவை முதலில் வெளிவந்தபோது எல்லோரும் பார்த்தது 9 மாதக் கணக்கு. அதே நோயாளிகள் மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கிறார்கள், நான்காம் ஆண்டில் எப்படி இருக்கிறார்கள் என்று துண்டு துண்டாக வெளிவந்திருந்தது. அவற்றை ஒன்றாக வைத்துக் கூட்டினார். அவ்வளவுதான்.

திரையில் எண்கள் வந்தன. இறப்பு அல்லது பெரிய மாரடைப்பு: சைஃபர் வைத்தவர்களில் 6.3 சதவீதம். அதே ஆய்வுகளில் வெறும் கம்பி வைத்தவர்களில் 3.9 சதவீதம்.

டாக்ஸஸ் கணக்கில் 2.6-க்கு 2.3. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் அதுவும் வெறும் கம்பிக்குச் சாதகமாகவே சாய்ந்திருந்தது.

100 பேருக்கு இரண்டு மூன்று பேர் கூடுதல். 60 லட்சம் பேருக்கு எவ்வளவு என்று அரங்கில் இருந்தவர்கள் மனதுக்குள் பெருக்கிப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

அந்தக் கணக்கைப் பற்றிக் கருத்துச் சொல்ல அழைக்கப்பட்டவர் சலீம் யூசுப். கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, பெங்களூர் செயின்ட் ஜான்ஸில் படித்து, கனடாவில் கோலோச்சியவர். ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரல் சேர்த்துக் கொடுத்தால் என்ன பலன் என்று 2001-ல் கியூர் ஆய்வு மூலம் உலகத்துக்குக் காட்டியவரே அவர்தான். எந்த மாத்திரையை நிறுத்தியதால் ஆட்கள் விழுந்தார்களோ, அந்த மாத்திரையின் வரலாற்றில் அவர் பெயர் இருக்கிறது. அன்று அவர் கம்பெனிக்காரர்களுக்கு இதமாக எதுவும் சொல்லவில்லை. தேவைப்படாதவர்களுக்கெல்லாம் ஸ்டென்ட் வைக்கிறார்கள் என்ற ஆதங்கமும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் செய்தி பத்திரிகைகளில். இதய மருத்துவர்கள் இன்றும் அந்த வாரத்தைத் தீவிபத்து போலத்தான் பேசுகிறார்கள்.

*

பார்சிலோனாவில் பற்றிய தீ வடசென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

ஸ்டென்ட் வைப்பதற்கு முன் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடக்கும் ஒரு சின்னப் பேச்சில் வந்து சேர்ந்தது. சென்னையில் அந்தக் காலத்தில் நெஞ்சுவலி வந்து போன எந்தக் குடும்பத்துக்கும் இது தெரியும். ஆஞ்சியோ முடிந்து, டாக்டர் பச்சை உடையோடு வெளியே வருவார். "ரெண்டு வகை இருக்கும்மா. மருந்து வெச்சது, மருந்து இல்லாதது. மருந்து வெச்சது மறுபடி அடைக்காது, விலை ஜாஸ்தி. எதை வைக்கட்டும்?" வீட்டுக்காரம்மா கழுத்தில் கிடப்பதை மனசுக்குள் எடைபோடுவார். அரைமணிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

2006-க்குப் பிறகு அந்தப் பேச்சில் புதிய கேள்விகள் சேர்ந்தன. இவை டாக்டர் கேட்கும் கேள்விகள். "ஐயாவுக்குக் குடலிறக்கம், மூலம்னு ஆபரேஷன் எதுவும் பாக்கி இருக்கா? பல்லு எடுக்கணுமா? அல்சர் உண்டா? ஒரு வருஷம் ஒருநாள் விடாம மாத்திரை போடுவாரா?"

"எத்தினி மாசம் சார் போடணும்?" என்று பதில் கேள்வி வரும்.

அன்றைய கணக்கில், வெறும் கம்பி என்றால் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் இரண்டு மாத்திரையும் ஒரு மாதம். பிறகு ஆஸ்பிரின் மட்டும். மருந்துக் கம்பி என்றால் இரண்டும் குறைந்தது ஓராண்டு. தொழில்நுட்ப வித்தியாசமாகத் தெரிகிற இந்தப் பதினோரு மாதம், ஆள் எங்கே வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்து உயிர்ப் பிரச்சினையாக மாறும்.

காசிமேட்டு விசைப்படகில் போகிறவர் நாள்கணக்கில் கடலில் இருப்பார். மாத்திரை அட்டை சட்டைப்பையிலோ கரையில் விட்ட பையிலோ இருக்கும். அன்று கோடையில் 45 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு சுற்றாத அந்த மாதத்தில் மருந்துக்கடைக் கணக்கு முதலில் தள்ளிப்போகும். திருவொற்றியூர், மணலி பக்கம் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி உண்டு, ஒப்பந்தம் அறுந்தால் சந்தா அறும், பின்னாலேயே டிஸ்பென்சரியும் அறும். அன்றைய இ.எஸ்.ஐ. வரம்பு மாதச் சம்பளம் 7,500 ரூபாய். பார்சிலோனா மாநாடு முடிந்த மறுமாதம், 2006 அக்டோபர் 1 முதல்தான் அது 10,000 ஆனது. வரம்புக்குக் கொஞ்சம் மேலே சம்பளம் வாங்கியவருக்கு அதுவும் இல்லை, அரசின் உயிர் காக்கும் காப்பீடும் இல்லை. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வர இன்னும் மூன்று ஆண்டு இருந்தது.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். 2005 வரை இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. அதனால் அமெரிக்காவில் யானை விலைக்கு விற்ற க்ளோபிடோக்ரலை இங்கே எத்தனையோ கம்பெனிகள் தங்கள் பெயரில் மலிவாக விற்றன. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கியிருந்ததும் கைகொடுத்தது.

விலை மட்டும் காரணம் என்றால் கதை சுலபமாக முடிந்திருக்கும். மாத்திரையை நிறுத்த வைத்த காரணங்கள் இன்னும் சாதாரணமானவை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். சவரம் செய்யும்போது பட்ட கீறல் நிற்காமல் கசிகிறது. வயிறு எரிகிறது. எல்லாவற்றையும்விட, உடம்பு நன்றாகிவிட்டது. வலி இல்லாத ஆளுக்கு மாத்திரை எதற்கு என்ற கேள்விக்குப் பக்கத்து வீட்டில் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். கடைசியாகப் பல் டாக்டர். சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும், ரத்தம் நிற்காது, "அஞ்சு நாள் அந்த மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்பார். அவர் படித்த பாடப்படி அது சரி. அவருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் கம்பி எந்த வகை என்று தெரியாது.

இது நம் ஊரின் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். 2007 தொடக்கத்தில் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டன: மருந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு 12 மாதம் இரண்டு மாத்திரையும், பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த அறிக்கையில் கூடவே கையெழுத்திட்ட அமைப்பு எது தெரியுமா? அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம்.

காசில்லாதவருக்கு வாய்த்த வெறும் கம்பியே பத்திரமானது, கடவுளாகப் பார்த்துச் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்த ஆறுதல் ஒப்பவில்லை. வெறும் கம்பியில் தழும்பு வந்தால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி வேலையிழப்பு, மறுபடி கடன். வட்டிக்கு வாங்கி முதல் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டாவது தடவை என்பது சின்ன விஷயமல்ல. ஒரு பக்கம் மெதுவான நஷ்டம், மறுபக்கம் திடீர் சாவு. அரைமணி நேரத்தில், தாழ்வாரத்தில் நின்று, இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

*

2006 டிசம்பர் 7, 8. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் நிபுணர்களைக் கூட்டியது. இரண்டு நாள் வாதம். கிடைத்த முடிவு சாமர்த்தியமானது: அனுமதித்த வகை நோயாளிகளுக்கு, ஓராண்டுக்குப் பிறகு ரத்தம் உறைவது மருந்து ஸ்டென்ட்டில் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதனால் மொத்தச் சாவு கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் நடைமுறையில் வைக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் அனுமதிக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தன: சர்க்கரை நோயாளிகள், நீண்ட அடைப்புகள், மாரடைப்பின் நடுவில் வந்தவர்கள். அவர்களைப் பற்றி? அங்கே ஆபத்து கூடுதல், 12 மாதம் மாத்திரை கொடுங்கள்.

சர்க்கரை நோயாளிகளை விலக்கிவிட்டு வடசென்னையில் யாருக்கு ஸ்டென்ட் வைப்பது?

2007 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரே இதழில் ஐந்தாறு கட்டுரைகளைக் கொட்டியது. இந்தக் கதையின் உண்மையான திருப்பம் அங்கேதான் இருக்கிறது, பார்சிலோனா மேடையில் அல்ல. விஷயம் எண்ணுவதைப் பற்றியது என்பதால் செய்தித்தாள்கள் அதை அவ்வளவாகச் சீண்டவில்லை.

க்ரெக் ஸ்டோன் குழு, நோயாளி நோயாளியாகத் தரவை எடுத்து நான்கு ஆண்டுக் கணக்குப் போட்டது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தவர்கள்: சைஃபரில் 1.2 சதவீதம், வெறும் கம்பியில் 0.6. முதல் ஆண்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓராண்டு தாண்டிய பிறகு சைஃபரில் ஐந்து பேர். வெறும் கம்பியில் ஒருவரும் இல்லை. விர்மானியின் நுண்ணோக்கி சொன்னதும் இதுதான்: தாமதமாக, ஆறாத புண்ணிலிருந்து.

அதே இதழில் லாரா மௌரி குழு அதே ஆய்வுகளையே எடுத்து, வேறு விதமாக எண்ணியது. பழைய விதிப்படி, தழும்பு அடைத்து மறுசிகிச்சை செய்துகொண்ட நோயாளிக்குப் பிறகு ரத்தம் உறைந்தால் அது கணக்கில் வராது. இந்த விதியால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். மறுசிகிச்சைக்குப் போனவர்கள் பெரும்பாலும் வெறும் கம்பிக்காரர்கள். குழாய்க்குள் மறுபடி பலூன் விட்டார்கள். சிலருக்குக் கதிர்வீச்சுகூடக் கொடுத்தார்கள். அதன்பின் வந்த ரத்தக்கட்டிகள் வெறும் கம்பியின் பற்று வரவில் ஏறவே இல்லை. அவற்றையும் சேர்த்து எண்ணியபோது சைஃபர் 1.5 சதவீதம், வெறும் கம்பி 1.7.

ஒரே ஆய்வுகள். ஒரே நோயாளிகள். எண்ணும் விதி மாறியது, ஜெயித்தவர் மாறினார்.

அதே இதழில் ஸ்வீடன் நாடும் பேசியது. அங்கே ஸ்டென்ட் வைத்த ஒவ்வொருவர் பெயரும் தேசியப் பதிவேட்டில் ஏறும். சுமார் 20,000 பேரின் கணக்கில், மூன்றாண்டில் மருந்து ஸ்டென்ட்காரர்களிடம் சாவு 18 சதவீதம் அதிகம் என்றது. இரண்டு ஆண்டு கழித்து, அதே பதிவேட்டை இன்னும் அதிகம் பேரோடு, நீண்ட காலத்துக்குப் பார்த்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்று அதே இதழில் எழுதினார்கள்.

இதில் யாரையும் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரத்தில் ஐந்து பேருக்கு நடக்கும் ஒன்றைச் சில ஆயிரம் பேரிடம் தேடினால் இப்படித்தான் ஆடும். ஆனால் இவ்வளவு பெரிய சந்தையை, இவ்வளவு சிறிய ஆய்வுகளின் மேல், ஒன்பது மாதக் கணக்கை நம்பி எழுப்பியது யார் செய்த முடிவு?

*

விடை விவாத மேடையில் கிடைக்கவில்லை. பட்டறையில் கிடைத்தது.

சைஃபரின் கம்பி 140 மைக்ரான் தடிமன். ஓடும் ரத்தத்தின் நடுவில் அது ஒரு வரப்பு. வரப்புக்குப் பின்னால் ரத்தம் சுழன்று தேங்கும், தேங்கினால் உறையும். 2008-ல் அமெரிக்க அனுமதி பெற்ற ஸையன்ஸ் ஸ்டென்ட்டில் கோபால்ட்-குரோமியக் கம்பி 81 மைக்ரான். மேலே உடம்பு சண்டைக்குப் போகாத வேறு பாலிமர், மருந்து எவரோலிமஸ். தோல் சீக்கிரம் மூடியது.

2012-ல் லான்செட்டில் 49 ஆய்வுகளை, 50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. அதில் ரத்தம் உறைவது எல்லா ஸ்டென்ட்களையும்விடக் குறைவாக இருந்தது இந்த மெல்லிய மருந்துக் கம்பியில்தான். வெறும் கம்பியையும்விடக் குறைவு. ஆறு ஆண்டுக்கு முன் பார்சிலோனாவில் அப்படி யாராவது சொல்லியிருந்தால் மேடையிலிருந்தே இறக்கியிருப்பார்கள். சைஃபரைச் செய்த கம்பெனியோ அதற்குள் ஸ்டென்ட் கடையைக் கட்டிவிட்டது; 2011 கடைசியோடு உற்பத்தி நின்றது.

நம் நோயாளிகளைப் பற்றிய விடை 2015-ல் டெல்லியிலிருந்து வந்தது. உபேந்திர கவுல் தலைமையில், சர்க்கரை நோய் உள்ள 1,830 இந்தியர்களிடம் நடந்த டக்ஸீடோ ஆய்வு. டாக்ஸஸ் வகை ஸ்டென்ட் வைத்தவர்களில் 2.1 சதவீதம் பேருக்கு ரத்தம் உறைந்தது. எவரோலிமஸ் ஸ்டென்ட்டில் 0.4. மருந்து பூசியது என்று ஒரே பெயரில் அழைத்த இரண்டு பொருளுக்கும் இடையே ஐந்து மடங்கு தூரம். அப்புறம் 2016-ல் நார்வே, 9,013 பேரை ஆறு ஆண்டு பின்தொடர்ந்து முடிவைச் சொன்னது: உறைவு மருந்துக் கம்பியில் 0.8 சதவீதம், வெறும் கம்பியில் 1.2. சாவிலும் மாரடைப்பிலும் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

வெறும் கம்பிக்குச் சாதகமாகப் பத்து ஆண்டு நின்ற ஒரே மருத்துவ வாதம், ரத்தக்கட்டி, இப்படி உதிர்ந்தது. அதன்பிறகு அதை வாங்க மிஞ்சிய காரணம் விலைதான். இந்தியாவில் அப்போது பெட்டியில் போட்ட சராசரி விலை வெறும் கம்பிக்குச் சுமார் 45,000 ரூபாய். மருந்துக் கம்பிக்குச் சுமார் 1.21 லட்சம்.

டெல்லி உயர் நீதிமன்றத்தில் பிரேந்தர் சங்வான் என்ற வக்கீல் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். அரசு அசைந்தது. 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. விலை நிர்ணய ஆணையம் கணக்குப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் புரட்டியது. 2017 பிப்ரவரி 13 மாலை உத்தரவு வந்தது: வெறும் கம்பி 7,260 ரூபாய், மருந்துக் கம்பி 29,600 ரூபாய், வரி தவிர அதற்கு மேல் ஒரு பைசா கூடாது.

ஒரே ராத்திரியில் முக்கால் விலை காணாமல் போயும் கம்பெனிகள் திவாலாகவில்லை. ஆணையம் வெளியிட்ட பட்டியலில் ஆஸ்பத்திரிகளின் லாபப் பங்கு சில இடங்களில் 654 சதவீதம் வரை இருந்தது. அப்படியானால் தாலிக்கொடியை அடகு வைத்து, இத்தனை ஆண்டு, மருந்துக் கம்பிக்கென்று வடசென்னைக் குடும்பங்கள் கட்டிய பணத்தில் கம்பிக்குப் போனது எவ்வளவு? மீதி எந்தெந்தக் கை மாறியது?

(தொடரும்)